‘தட்சுமி’ பிறந்த கதை

2011 மே மாதம் கான் திரைப்பட விழாவின் ‘அன் செர்தன் ரிகார்’ பிரிவில் ஓர் அனிமேஷன் படம் திரையிடப்பட்டது. பெயர் ‘தட்சுமி’. இயக்கியவர் சிங்கப்பூர்க்காரர். படம் பேசுவது ஜப்பானிய மொழி. வரைந்து அசையவைத்த வேலை நடந்தது இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில். சிங்கப்பூரில் படகேறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம். இப்படிப் பல நாட்டுக் கை பட்ட படங்கள் பெரும்பாலும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு பளபளப்போடு வந்து நிற்கும். இது அப்படி வரவில்லை. முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஒருவருடைய கைதான் தெரிகிறது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் யோஷிஹிரோ தட்சுமி, 1935இல் ஒசாகாவில் பிறந்த சித்திரக்கதைக்காரர். அவருடைய வாழ்க்கையும் அவர் வரைந்த கதைகளும் சேர்ந்ததுதான் படம்.

இயக்குநர் எரிக் கூவைத் தமிழர்கள் நியாயப்படி முன்பே அறிந்திருக்க வேண்டும். 2008இல் அவர் எடுத்த ‘மை மேஜிக்’ தமிழ் பேசும் படம். குடியில் மூழ்கிப்போன ஒரு மேஜிக் கலைஞர், அவரை நம்பியிருக்கும் சின்னப் பையன், அவ்வளவுதான் கதை. அப்பாவாக நடித்த போஸ்கோ பிரான்சிஸ் நிஜத்திலும் மேஜிக் செய்பவர். கான் விழாவில் தங்கப்பனை விருதுக்கான போட்டிப் பிரிவுக்குள் நுழைந்த முதல் சிங்கப்பூர்ப் படம் அது. நுழைந்தது தமிழ் பேசிக்கொண்டு. நம் சினிமாப் பத்திரிகைகள் இதை இன்னும் கொஞ்சம் கொண்டாடியிருக்கலாம்.

அதே ஆண்டு, அதே போட்டிப் பிரிவில் இஸ்ரேல் இயக்குநர் ஆரி ஃபோல்மனின் ‘வால்ட்ஸ் வித் பஷீர்’ இருந்தது. போர் நினைவுகளை அனிமேஷனில் சொன்ன ஆவணப்படம். அதற்கு முந்தைய ஆண்டுதான் மர்ஜானே சத்ரபி தன்னுடைய ‘பெர்செபொலிஸ்’ சித்திரக்கதையைப் படமாக்கிக் கானில் பரிசு வாங்கியிருந்தார். வரைந்த படம் உண்மை பேசலாம் என்பதைப் பெரிய விழாக்கள் ஒத்துக்கொண்ட காலம் அது. இதைப் பார்த்துத்தான் எரிக் கூவுக்கு யோசனை வந்தது என்று சொல்ல வரவில்லை. அவருக்குள் இந்த விதை விழுந்தது அதற்கு இருபது வருஷம் முன்னால்.

சிங்கப்பூர் ஆண்கள் எல்லாரும் போல அவரும் தேசிய சேவைக்குப் போனவர். அந்த ராணுவக் காலத்தில்தான் தட்சுமியின் கதைகள் முதன்முதலாக அவர் கைக்கு வந்தன. படித்து ஆடிப்போனதாகப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்போது அவரே காமிக்ஸ் வரைந்துகொண்டிருந்தார். 1989இல் அவருடைய ‘அன்ஃபார்ச்சுனேட் லைவ்ஸ்’ வெளிவந்தது. அடுக்குமாடி நகரத்தில் தனித்துப்போன மனிதர்களைப் பற்றிய சித்திரக்கதைகள். பிறகு வந்த ‘மீ போக் மேன்’, ‘12 ஸ்டோரிஸ்’ படங்களிலும் அதே ஆட்கள்தான் உலவுகிறார்கள்: பேச வராதவர்கள், ஒண்டிக்கட்டைகள், பக்கத்து வீட்டுச் சுவரில் காது வைத்து வாழ்பவர்கள். தட்சுமியைப் படித்துவிட்டு இந்தப் படங்களைப் பார்த்தால் இந்த ஆட்களின் பூர்வீகம் தெரிந்துவிடும். ஆக, ‘தட்சுமி’ படம் சீடன் குருவுக்குச் செலுத்திய காணிக்கை. காணிக்கைப் படங்களுக்கே உரிய பலவீனமும் அதில் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

குரு யார் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஜப்பான் சரணடைந்தபோது தட்சுமிக்குப் பத்து வயது. வீட்டில் வறுமை, அப்பா அம்மாவுக்குள் ஓயாத சண்டை, அண்ணன் நோயாளி. பையனுக்கு ஒரே ஒரு வெளிவாசல்தான் இருந்தது, அஞ்சலட்டை. பத்திரிகைகள் நடத்திய போட்டிகளுக்கு அட்டையில் நான்கு கட்டம் போட்டு, கறுப்பு மையில் ஒரு துணுக்குக் கதை வரைந்து அனுப்புவான். பரிசு வரும், பெயர் அச்சாகும். படுக்கையில் கிடந்த அண்ணனுக்கும் அதே பைத்தியம், ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஒருநாள் பொறாமை தாங்காமல் தம்பி வரைந்து வைத்திருந்த பக்கங்களைக் கிழித்துப்போட்டான் அண்ணன். அதே அண்ணன் பின்னாளில் தம்பிக்குத் துணைநின்று தானும் சித்திரக்கதை வரைந்தார். சகோதரர்களின் இந்த உறவைத் தட்சுமி ஒளிக்காமல் வரைந்திருக்கிறார். மன்னித்துவிட்டேன் என்ற பாவனைகூட அதில் இல்லை.

அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சித்திரக்கதைக்காரர் ஒசாமு தெசுகாதான் தெய்வம். 1947இல் வந்த அவருடைய ‘புதிய புதையல் தீவு’ ஒரு தலைமுறையையே பேனா பிடிக்கவைத்தது. பள்ளி வயதிலேயே தட்சுமிக்கு அவரை நேரில் பார்க்கக் கொடுத்துவைத்தது. துணுக்கை விட்டு நீளமாக ஒரு கதை எழுதிப் பார் என்று தெசுகா தூண்டிவிட்டார். பையனும் எழுதினான். பின்னாளில் அந்தத் தெய்வத்தின் பாணியிலிருந்தே விலகிப் போனான்.

விலகலுக்கு ஒரு தொழில் காரணம் இருந்தது. போருக்குப் பிந்தைய ஜப்பானில் புத்தகம் வாங்கப் பலருக்கு வசதியில்லை. தெருவுக்குத் தெரு வாடகைப் புத்தகக் கடைகள் முளைத்தன. நம்மூர் லெண்டிங் லைப்ரரி மாதிரி சில்லறைக் காசுக்கு இரவல் வாங்கிப் படிக்கலாம். அந்தக் கடைகளுக்கென்றே மலிவான தாளில் சித்திரக்கதை அச்சடித்துத் தள்ளிய பதிப்பகங்கள் ஒசாகாவில் இருந்தன. வாசகர்கள் குழந்தைகள் மட்டுமல்ல. பள்ளியை விட்டுத் தொழிற்சாலைக்குப் போன இளைஞர்களும்தான். அவர்களுக்குப் பூனையும் ரோபோவும் போதாது. தட்சுமியும் அவருடைய கூட்டாளிகளும் துப்பறியும் கதைகள், குற்றக் கதைகள், சினிமாவைப் பார்த்து வெட்டி ஒட்டிய காட்சிகள் என்று வரைந்தார்கள். பனிப்புயலில் தப்பியோடும் இரண்டு கைதிகளைப் பற்றிய ‘கறுப்புப் பனிப்புயல்’ என்ற முழு நீளக் கதையைத் தட்சுமி இருபதே நாளில் வரைந்து முடித்தார். அப்போது அவருக்கு வயது 21. வசனம் குறைவு, கோணங்கள் சாய்ந்தவை. ஒரு கதவு திறப்பதற்கே நாலைந்து கட்டம் செலவழிப்பார்.

குழந்தைகளுக்கான சித்திரக்கதை அலமாரியில் இதைக் கொண்டுபோய் வைத்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், வந்தார்கள். அதனால் 1957இல் தன் வகைக்குக் ‘கெகிகா’ என்று தனிப் பெயர் சூட்டினார். 1959இல் நண்பர்களோடு சேர்ந்து ‘கெகிகா பட்டறை’ ஒன்றைத் தொடங்கி, இது வேறு, மாங்கா எனும் வழக்கமான சித்திரக்கதை வேறு என்று அறிக்கை அச்சடித்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். பட்டறை சீக்கிரமே கலைந்துபோனது. பெயர் நிலைத்தது. தெசுகாவே பின்னாளில் அந்தப் பக்கம் நகர வேண்டியிருந்தது.

பெயர் பிரபலமானதே தவிர, பெயர் வைத்தவருக்கு அதனால் பெரிய லாபம் எதுவும் இல்லை. அவருடைய பட்டறைத் தோழர் தகாவோ சாய்தோ ‘கோல்கோ 13’ என்ற கூலிக் கொலைகாரனை வைத்துப் பெரும் செல்வாக்கு அடைந்தார். தட்சுமி 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் இன்னும் இருண்ட பக்கம் போனார். சாக்கடை, கழிப்பறை, ஒற்றை அறை, தோற்றுப்போன ஆண்கள். அவருடைய உச்சம் அதுதான் என்பேன். விற்பனைக்கு அது உச்சமில்லை. பிற்காலத்தில் டோக்கியோவின் புத்தகக் கடைவீதியான ஜிம்போச்சோவில் பழைய மாங்கா விற்கும் கடை நடத்தினார்.

பழைய புத்தகத்துக்கும் அவருக்குமான உறவு அதோடு நிற்கவில்லை. 1995இல் தன் வாழ்க்கையையே சித்திரக்கதையாக வரையத் தொடங்கினார். அது தொடராக வெளிவந்தது எந்தப் பெரிய வார இதழிலும் அல்ல, மாந்தராகே என்ற பழைய மாங்கா கடையின் விற்பனைப் பட்டியல் புத்தகத்தில். விலைப்பட்டியலுக்கு நடுவே ஒருவர் பதினோரு பன்னிரண்டு வருஷம் தன் இளமையை வரைந்துகொண்டே இருந்திருக்கிறார்! 2008இல் ஜப்பானில் புத்தகமானது. மறு ஆண்டே தெசுகா பெயரிலான உயரிய பரிசு அதற்குக் கிடைத்தது. 2009இல் கனடாவின் ‘டிரான் அண்ட் குவாட்டர்லி’ பதிப்பகம் ‘எ டிரிஃப்டிங் லைஃப்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. எண்ணூறு பக்கத்துக்கு மேல், தலையணைக்கு வைக்கலாம். மறு வருஷம் அமெரிக்கச் சித்திரக்கதை உலகின் ஐஸ்னர் விருதுகள் இரண்டு.

அந்தத் தலையணைதான் எரிக் கூ கைக்கு வந்து சேர்ந்தது. இளமையில் தன்னை உலுக்கிய கதைகளை வரைந்தவர் எப்படி வாழ்ந்தார் என்பது இருபது வருஷம் கழித்துத்தான் அவருக்குத் தெரியவருகிறது. படமாக்கியே தீர்வது என்று முடிவெடுத்து ஜப்பானுக்குப் போய்த் தட்சுமியைப் பார்த்தார். முழு நீள அனிமேஷன் படம் ஒன்றுகூட அதுவரை எடுத்திராத இயக்குநர். எழுபதைத் தாண்டிய ஓவியர். அனுமதி கிடைத்தது.

எப்படி எடுப்பது என்பதில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. ஒரு சித்திரக்கதைக்காரரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் வழக்கமான முறை நமக்குத் தெரியும். நாற்காலியில் உட்காரவைத்துப் பேசவிடுவார்கள். நண்பர்கள் நாலு பேர் புகழ்வார்கள். நடுநடுவே பழைய பக்கங்களைக் கேமரா தடவிக்கொண்டு போகும். எரிக் கூ இதையெல்லாம் தூக்கிப்போட்டார். புதிதாகத் திரைக்கதைச் சித்திரமும் போடவைக்கவில்லை. தட்சுமி வரைந்த கட்டங்களே ஸ்டோரிபோர்டு. எந்தக் கோணம், எவ்வளவு நெருக்கம், எந்தக் கட்டத்துக்குப் பின் எந்தக் கட்டம் என்பதையெல்லாம் அவர் முன்பே தீர்மானித்து வைத்திருக்கிறார். சினிமாவைப் பார்த்து வரைந்தவர் அல்லவா, திரும்ப சினிமாவாக்குவது அவ்வளவு இயல்பாக இருந்தது.

கஷ்டம் வேறிடத்தில். பாத்தாம் தீவின் ஸ்டூடியோவில் ஃபில் மிட்செல் தலைமையில் வேலை செய்த இளம் ஓவியர்கள் இன்னொருவரின் கையெழுத்தில் எழுதப் பழக வேண்டியிருந்தது. தட்சுமியின் கோடு அழகான கோடு அல்ல. ஒரே தடிமனில் ஓடாது. வியர்வைத் துளிக்கு மெலியும், கோட் மடிப்பில் கறுத்துத் திரளும். கணினியில் வரைந்து பழகிய கைக்கு அதைச் சுத்தப்படுத்தத்தான் தோன்றும். சுத்தப்படுத்தினால் தட்சுமி போய்விடுவார். படத்தைப் பார்க்கும்போது கவனியுங்கள், உருவங்கள் அதிகம் அசைவதில்லை. கண் இமைக்கிறது, சிகரெட் புகை எழுகிறது, ரயில் ஜன்னலில் வெளிச்சம் ஓடுகிறது, மழை பெய்கிறது. முகம் மட்டும் அப்படியே நிற்கிறது. டிஸ்னி வழவழப்புக்குப் பழகிய கண்ணுக்கு இது பட்ஜெட் பற்றாக்குறை மாதிரிகூடத் தெரியலாம். எனக்கு அது மரியாதையாகப் பட்டது. அந்த மனிதர்களின் இறுக்கம் அந்த அசையாமையில்தான் இருக்கிறது.

அடுத்த முடிவு குரல். ஓவியரின் வாழ்க்கையைச் சொல்லும் குரல் தட்சுமியுடையதேதான். தேர்ந்த குரல் அல்ல, வயதான மனிதர் ஒருவர் தாளைப் பார்த்து நிதானமாக வாசிப்பது போன்ற குரல். கதைகளில் வரும் பல ஆண்களுக்கு நடிகர் தெட்சுயா பெஸ்ஷோ ஒருவரே குரல் கொடுத்தார். ஐந்து கதைகளில் வரும் ஐந்து தோல்விக்காரர்களும் ஒரே தொண்டையிலிருந்து பேசும்போது, இவர்கள் எல்லாம் ஒரே ஆளின் வெவ்வேறு இரவுகளோ என்ற சந்தேகம் பார்ப்பவருக்கு வந்துவிடுகிறது. இசையில் எரிக் கூவின் பதின்பருவ மகன் கிறிஸ்டோபரின் பங்கும் உண்டு. ‘மை மேஜிக்’ எடுத்தவர் மகனை வேலைக்கு அழைத்ததில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது முடிவுதான் முக்கியமானது: வாழ்க்கையைத் தனியாகச் சொல்லாமல், நடுநடுவே ஐந்து சிறுகதைகளை முழுதாக நுழைப்பது. வாழ்க்கைப் பகுதிகள் வண்ணத்தில், கதைகள் பெரும்பாலும் ஒற்றை நிறச் சாயலில்.

முதலில் வரும் கதை ‘நரகம்’. குண்டு விழுந்த ஹிரோஷிமாவுக்கு ஒரு ராணுவப் புகைப்படக்காரர் அனுப்பப்படுகிறார். வீடு இல்லை, தெரு இல்லை. இடிந்து நிற்கும் ஒரு சுவரில் நிழல் ஒன்று பதிந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கும் ஒரு தாய். பின்னால் நின்று அவள் தோளைப் பிடித்துவிடும் மகன். குண்டின் வெளிச்சத்தில் ஆட்கள் எரிந்துபோக, நிழல் மட்டும் சுவரில் தங்கிவிட்டது. அந்த நகரத்தில் இப்படி நிழல்கள் பதிந்தது நடந்த விஷயம். வங்கிப் படிக்கட்டு ஒன்றில் பதிந்த நிழல் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. கதையில் அவர் அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்கிறார். அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில் அணுகுண்டைப் பற்றி வாய் திறக்கத் தணிக்கை. ஆக்கிரமிப்பு முடிந்த பிறகு படத்தை வெளியிடுகிறார். தாய்க்குப் பணிவிடை செய்யும் மகன் உலக அமைதியின் சின்னமாகிறான். படம் எடுத்தவர் பெரிய மனிதராகிறார். பிறகு ஒருநாள் செத்துப்போனதாக எல்லாரும் நினைத்த அந்த மகன் உயிரோடு வந்து கதவைத் தட்டுகிறான். சுவரில் இருப்பது அவன் இல்லை. தாயைத் தீர்த்துக்கட்ட அவனே ஏற்பாடு செய்த நண்பன். அந்தக் கைகள் தோளைப் பிடித்துவிடவில்லை, கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன.

ஓர் ஆவணப்படத்தின் வாசலில் இந்தக் கதையைக் கொண்டுவந்து வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். புகைப்படம்தான் சாட்சி, வரைந்தது கற்பனை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே புகைப்படம் பொய் சொல்கிறது. ஓவியர் வரைந்து உண்மையைக் காட்டுகிறார். எரிக் கூ இதைப் பற்றி எந்த வியாக்கியானமும் செய்யவில்லை, கதையை அதன் இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அனிமேஷனில் ஆவணப்படம் எடுக்கலாமா என்று இன்னும் கேட்பவர்களுக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

மற்ற நான்கில், தொழிற்சாலையில் கையை இழந்தவனும் அவன் வளர்த்த குரங்கும் வரும் கதை ஒன்று. துணை கிடைக்கட்டுமே என்று குரங்கை மிருகக்காட்சிசாலைக் கூண்டுக்குள் விடுகிறான். இனத்தாரே அதைக் குதறிவிடுகிறார்கள். ஓய்வுபெறப்போகும் ஒரு முதியவர் மனைவியைப் பழிவாங்கச் சேமிப்பையெல்லாம் வேறு பெண்களிடம் கரைக்கப் பார்த்து, கடைசியில் போரில் மாண்டவர்களுக்கான யசுகுனி ஆலயத்துப் பீரங்கிமேல் சிறுநீர் கழிக்கிறார். குழந்தைகள் பத்திரிகையில் வாய்ப்பு இழந்த ஒரு சித்திரக்கதைக்காரர் பொதுக் கழிப்பறைச் சுவரில் யாரோ கிறுக்கிய ஆபாசப் படத்தைப் பார்த்து, வரைதலின் ருசியை மறுபடி கண்டுகொள்கிறார். இது ஏறக்குறைய சுயசரிதை, சங்கடமான சிரிப்போடு. கடைசிக் கதை ‘குட்பை’. அமெரிக்கச் சிப்பாய்களை நம்பிப் பிழைக்கும் மகளும் அவளிடம் காசு கேட்டு வரும் தந்தையும் ஒருவரையொருவர் சிதைத்துக்கொள்வதை உட்கார்ந்து பார்ப்பது எளிதல்ல.

இனி, பிறகு சொல்கிறேன் என்ற அந்தப் பலவீனம். சீடனுக்குக் குருவிடம் கேள்வி கேட்கத் தெரியவில்லை. ‘எ டிரிஃப்டிங் லைஃப்’ அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்த 1960ஆம் ஆண்டுப் போராட்டத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிந்தைய நீண்ட காலத்தை, அந்தக் கறுப்புக் கதைகளை எழுதிய ஆண்டுகளையும் ஜிம்போச்சோ கடையையும், படம் அவசரமாகத் தாண்டுகிறது. கதைகளில் பெண்கள் நச்சரிப்பவர்களாக, ஏமாற்றுபவர்களாக, விற்பனைக்கு இருப்பவர்களாகவே வருகிறார்கள். ‘குட்பை’யின் மகள் ஒருத்திதான் விதிவிலக்கு. ஏன் இப்படி என்று வேறு யாராவது இயக்கியிருந்தால் கேட்டிருப்பார்கள். படத்தின் முடிவில் நிஜத் தட்சுமியே திரையில் தோன்றி வரைகிறார். அதுவரை அவர் கோட்டை மட்டுமே பார்த்துவந்த நமக்கு அந்தக் கை நிஜமாகவே காணக் கிடைக்கிறது. அந்த இடத்தில் என் கேள்விகளை நானும் மறந்துதான் போனேன்.

சிங்கப்பூர் இந்தப் படத்தை ஆஸ்கரின் அயல்மொழிப் பிரிவுக்கு அனுப்பியது. பல நாட்டு விழாக்களைச் சுற்றிய படம், அது பேசும் மொழியின் நாட்டில் திரையரங்குக்கு வந்தது 2014 நவம்பரில், கானுக்கு மூன்று வருஷம் கழித்து. 2015 மார்ச் 7 அன்று தட்சுமி தம் 79ஆம் வயதில் காலமானார்.

தேடிப் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்ட்டூன்தானே என்று குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். 1957இல் தட்சுமி தனிப் பெயர் வைத்ததே அதற்காகத்தான்.